தாய்மொழிக்கு ஒரு கைதட்டல்

பேருந்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் பக்கத்திலிருந்த தோழியின் தோளை இடித்துச் சொன்னாள்: "இந்த டிரைவரைப் பாரேன், என்ன ஒரு உருவம்! நம்மளைவிட ரெண்டு மடங்கு கறுப்பு. தனியா எதிர்ல வந்தா பயந்தே செத்துருவேன்."

"மெதுவாப் பேசுடி, கேட்டுடப் போகுது."

"கேட்டா என்ன? புரியவா போகுது?"

இருவரும் சிரித்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் ஒன்றும் நடக்காதது போல வளைவில் வண்டியைத் திருப்பினான். நின்றுகொண்டு வருகிற கிழவர்கள் தடுமாறிவிடக் கூடாது என்று வளைவுகளில் அவன் எப்போதும் நிதானமாகத்தான் போவான். அவள் சொன்னது ஒரு சொல் விடாமல் அவனுக்குப் புரிந்தது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவள் முகமும் அவன் கையும் ஒன்றாகத் தெரிந்தன. நிறத்தில் இரண்டுக்கும் அப்படியொன்றும் தூரமில்லை.

அவனைப் பெரியவன் என்றே சொல்வோம். அம்மா அவனை அப்படித்தான் கூப்பிட்டாள். தங்கையைச் சின்னவள் என்பாள். அம்மா போன பிறகு அவனைப் பெரியவன் என்று கூப்பிட ஆள் இல்லை. டிப்போவில் அவனுக்கு 'நெட்டை' என்று பொருள்படும் ஒரு பட்டப்பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வழித்தடத்தில் காலை வேளையில் தமிழர்கள் நிறைய ஏறுவார்கள். எந்த மருமகள் யாரோடு பேசுவதில்லை, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யாருக்கு எந்த முழங்காலில் வலி எல்லாம் அவனுக்கு அத்துப்படி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கே இறங்குவது என்று தங்களுக்குள் குழம்பிக்கொண்டிருந்த ஒரு தம்பதியிடம், "அடுத்த ஸ்டாப்தாம்மா, இறங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டான். அந்த அம்மாள் பேயைக் கண்டவள் மாதிரி அவனைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அவர்கள் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். அதோடு வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தான். தான் பேசினால் அவர்கள் பேச்சு நின்றுவிடும். அது நின்றால் தமிழைக் காதால் கேட்க அவனுக்கு வேறு இடமே இல்லை. தன்னைப் பற்றி நாலு வார்த்தை ஏச்சாக வந்தாலும் வரட்டும் என்று இருந்துவிட்டான்.

அவனுடைய அம்மா தமிழச்சி. வேலை தேடி ஒரு துறைமுக ஊருக்குப் போய், அங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டித் துடைக்கும் வேலையில் இருந்தவள். கால் முறிந்து படுத்திருந்த ஒரு கிரேன் ஓட்டுநரைக் கவனித்துக்கொண்டாள். அவர் வேறு நாட்டுக்காரர், வேறு இனத்துக்காரர், ஆறடிக்கு மேல் உயரம், தலையில் இறுக்கமாகச் சுருண்ட முடி. கட்டு பிரிப்பதற்குள் இருவருக்கும் பிடித்துப்போயிற்று. கல்யாணச் சேதி போனதும் அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் தலைமுழுகிவிட்டார்கள். பிறந்த இரண்டு பிள்ளைகளில் பெரியவன் அப்படியே அப்பா. சின்னவள் அச்சு அசல் அம்மா. முடிகூட அலையலையாகத் தொங்கும். அண்ணன் தங்கை என்று சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு.

துறைமுகத்தில் ஒரு விபத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூன்றாவதாக ஒரு நாட்டுக்கு, இந்த நகரத்துக்கு வந்தாள். ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை நீராவி உருளையில் கொடுத்து வாங்கும் வேலை. கையெல்லாம் சூட்டுத் தழும்பு. வீட்டுக்குள் நுழைந்தால் தமிழைத் தவிர வேறு பேச்சுக்கு இடமில்லை. "வெளியில என்ன வேணா பேசுங்க. செருப்பைக் கழட்டிட்டா தமிழ்தான்" என்பாள். கடைத்தெருவுக்கு மூன்று பேருமாகப் போனால் தமிழ்க்காரர் யாராவது சின்னவளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "இந்தப் பையன் யாரும்மா?" என்று கேட்பார்கள். "என் வயித்துல பொறந்தவன்" என்பாள் அம்மா. அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வரை அவர்களையே பார்ப்பாள்.

அப்பாவின் இனத்தவர்களும் அந்த நகரத்தில் இருந்தார்கள். அவர்கள் நடத்திய முடிதிருத்தும் கடைக்குத்தான் பெரியவன் போவான். அவனுடைய முடியை வேறு யாருக்கும் வெட்டத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்ததும் கடைக்காரர் தோளில் தட்டி அவர்கள் பாஷையில் ஏதோ கதை சொல்வார். கடையே சிரிக்கும். பெரியவனும் சிரிப்பான். அப்பா இறந்தபோது அவன் சின்னப்பிள்ளை. அந்தப் பாஷையில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் 'வா', 'தூங்கு', 'என் கண்ணே' என்ற மூன்று சொற்கள்தான். ஒருநாள் கடைக்காரர் ஏதோ கேள்வி கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருந்தார். இவன் விழித்தான். கடைக்காரர் கத்திரியை நிறுத்தி, "ஓ, உனக்கு நம்ம பேச்சு வராதா?" என்று ஊர்ப் பாஷையில் கேட்டார். கோபமில்லை, பரிதாபம்தான். அடுத்த முறையிலிருந்து கதை சொல்வதை விட்டுவிட்டு மழை வெயில் பற்றி மட்டும் விசாரித்தார்.

அம்மா இறந்த மறுவருடம் சின்னவளுக்குக் கல்யாணம் கூடியது. வேலை பார்த்த இடத்தில் பழக்கமான தமிழ்ப் பையன். நல்லவன். அவன் வீட்டுக்கு முதல்தடவை போனபோது, அவனுடைய அம்மா யாரோ ஒருவரைப் பற்றிப் பேச்சுவாக்கில், "ரத்தம் கலந்த இடத்துல எல்லாம் நாம போய் நிக்க முடியுமா?" என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த கேள்வி, "உனக்குக் கூடப்பிறந்தவங்க எத்தனை பேரும்மா?" சின்னவள் நாக்கில் வந்தது, "யாரும் இல்லைங்க."

அன்றைக்கே அண்ணனிடம் ஓடிவந்து, கட்டிலில் குப்புற விழுந்து அழுதாள். "வாய் தவறி வந்துடுச்சுண்ணா. நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்."

பெரியவன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "விடும்மா. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். அம்மாவுக்குத் தெரிஞ்சவன்னு சொல்லிக்கிட்டுக் கல்யாணத்துக்கு வந்து நாலு அட்சதை போட்டுட்டுப் போறேன்."

"நீ எதுக்குண்ணா..."

"உனக்குத்தான் அம்மா மூஞ்சி கிடைச்சிருக்கே, அதை ஏன் வீணடிக்கிற?" என்று சிரித்தான். தமாஷாகத்தான் சொன்னான். அவள் அதற்கும் அழுதாள்.

கல்யாண மண்டபத்தில் அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் அவனை மண்டபத்து ஆள் என்று நினைத்து, நாற்காலிகள் போதவில்லை என்று சைகை காட்டினார். பெரியவன் உள்ளே போய், இரண்டு கைகளிலும் அடுக்கிக்கொண்டு வந்து போட்டான். தாலி கட்டும்போது அவன் நாலாவது நடையில் இருந்தான்.

பிறகு தங்கையோடு உறவு போனில்தான். அவள் கடைக்குப் போகும்போது, கார் நிறுத்துமிடத்தில் இருந்து கூப்பிடுவாள். பின்னால் சாமான் தள்ளும் சக்கர வண்டிகள் உருளும் சத்தம் கேட்கும். ஒரு பெண்குழந்தை பிறந்தது. படம் அனுப்பினாள். குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியது. படம் அனுப்பினாள். அவனுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்தபோது, துணைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டாள். தங்கை ஊரில் இல்லை என்றான். அவள் அங்கிருந்து பஸ்ஸில் போனால் அரைமணி நேரத் தொலைவில் இருந்தாள். அவளிடம் சொன்னது தையல் பிரித்த பிறகுதான்.

இப்படியே போயிருக்கும். ஒரு குழந்தை குறுக்கே வந்தது.

நெரிசலான சாயங்காலம். கையில் பைகளும் தள்ளுவண்டியில் கைக்குழந்தையுமாக ஒரு தமிழ்ப் பெண் நடுக்கதவு வழியாக இறங்கினாள். அவளுடைய மூத்த குழந்தை கூட்டத்தில் மாட்டிக்கொண்டு பின்தங்கிவிட்டது. கதவு மூடி வண்டி நகர்ந்தது. "அம்மா!" என்று உள்ளேயிருந்து ஒரு அலறல். பெரியவன் உடனே ஓரங்கட்டினான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுத் தடுப்பைத் திறந்து உள்ளே வந்தான். குழந்தையைச் சுற்றி நாலைந்து பேர் ஊர்ப் பாஷையில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் வீறிட்டது. பெரியவன் யோசிக்கவே இல்லை. முட்டி போட்டுக் குனிந்தான்.

"அழக்கூடாதுடா தங்கம். அம்மா எங்கயும் போகல. அதோ பாரு, ஓடி வர்றாங்க பாரு. நீ என் தோள்மேல ஏறிக்கிட்டா நல்லாத் தெரியும். ஏறிக்கிறியா?"

குழந்தை அழுகையை விழுங்கிவிட்டு அவனைப் பார்த்தது. பிறகு கையை நீட்டியது. தாய் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அது அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, இந்த மாமா வண்டியை நிறுத்திட்டாங்க" என்று புகார் மாதிரி சொன்னது.

பயணிகளில் ஒரு பெண் இதையெல்லாம் போனில் படம் பிடித்திருந்தாள். 'தமிழ் பேசும் வெளிநாட்டு டிரைவர்' என்ற தலைப்போடு அது ஒவ்வொரு தமிழ் வீட்டுக்குள்ளும் போயிற்று. அடுத்த நாளிலிருந்து அவனுடைய வண்டியில் ஏறும் தமிழர்கள் "வணக்கம் டிரைவர்!" என்று பல்லைக் காட்டினார்கள். ஏறிய பிறகு ஊமையானார்கள். முன்வரிசைத் தோழிகள் இருவரும் நாலு நாள் தலைகுனிந்து வந்துவிட்டு, அப்புறம் வேறு வண்டிக்கு மாறிக்கொண்டார்கள். என்ஜின் சத்தமும் கதவு மூச்சுவிடும் சத்தமும் மட்டும் மிஞ்சின. தினமும் முழங்கால் வலி பற்றிப் பேசிவந்த அம்மாளுக்கு ஆபரேஷன் ஆயிற்றா இல்லையா என்பதுகூடப் பெரியவனுக்குத் தெரியாமல் போயிற்று.

தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் டிப்போவுக்கே வந்துவிட்டார். ஆண்டு விழாவில் பாராட்ட வேண்டுமாம். டிப்போ மேலாளருக்கு ஏகப் பெருமை. இவனைக் கேட்காமலே சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெரியவன் தங்கைக்குப் போன் செய்தான்.

"எங்க மாமனார்தான் விழாக் குழுத் தலைவர்" என்றாள் அவள். கொஞ்ச நேரம் சக்கர வண்டிகள் மட்டும் உருண்டன. "நாங்க எல்லாரும் வருவோம்ண்ணா."

"நான் வரலைன்னு சொல்லிடட்டுமா?"

"அப்படி நான் சொல்லல."

வா என்றும் அவள் சொல்லவில்லை. பெரியவன் போவதற்குத்தான் தீர்மானித்தான். பாராட்டுக்காக இல்லை. தங்கையின் மகள் அந்தக் கூட்டத்தில் எங்காவது இருப்பாள். படத்தில் பார்த்த முகத்தை ஒருமுறை நேரில் பார்க்கலாமே என்று இருந்தது.

மேடையில் அவனை நடுவில் உட்காரவைத்தார்கள். நிகழ்ச்சியை நடத்தியவர் நல்ல வாய்ச்சாலக்காரர். மைக்கைப் பெரியவன் கையில் கொடுத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றான் பெரியவன்.

அரங்கம் அதிர்ந்தது. விசில்கூட அடித்தார்கள்.

"குழந்தை அழுதுச்சு. தூக்கினேன். வேற ஒண்ணும் பண்ணல."

மறுபடி கைதட்டல். அவன் என்ன சொன்னான் என்பதை யாரும் கேட்டமாதிரி தெரியவில்லை. பேசத் தெரிந்த கிளியைப் பார்ப்பது போல வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கே வராது, இவருக்கு வருதான்னு பாப்போம்" என்றார் நடத்தியவர். "சார், வாழைப்பழம் சொல்லுங்க!"

"வாழைப்பழம்" என்றான் பெரியவன். அவனுக்கு அந்த எழுத்து வரும்வரை அம்மா விட்டதில்லை. நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டிச் சொல்லித்தந்திருந்தாள். அரங்கம் எழுந்து நின்றது.

"ஆகா! இவ்வளவு சுத்தமா எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

அப்போதுதான் நாலாவது வரிசையில் சின்னவளைப் பார்த்தான். நீலப் புடவை. ஒரு பக்கம் மாமியார், இன்னொரு பக்கம் உயரமாக வளர்ந்த ஒரு பெண். படத்தில் பார்த்தவள்தான். தங்கையின் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. என்ன கேட்கின்றன என்று அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தமாதிரிதான் நினைத்துக்கொண்டான்.

"சின்ன வயசுல பக்கத்து வீட்டுல ஒரு தமிழம்மா இருந்தாங்க" என்றான். "அவங்க வீட்டுலதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். அவங்க சொல்லித் தந்ததுதான்."

"பாத்தீங்களா! நம்ம பெண்கள் எங்க போனாலும் மொழியை வளர்க்கறாங்க! அந்தம்மாவுக்குச் சொந்தப் பிள்ளைங்க இருந்தாங்களா?"

"ஒரு பொண்ணு" என்றான் பெரியவன்.

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். நினைவுப் பரிசாக, படம் போட்ட அரிச்சுவடி ஒன்று கொடுத்தார்கள். 'அ' பக்கத்தில் அம்மா படம்.

அடுத்த வாரம், அவன் ஓய்வாக இருந்த ஒரு பகலில் கதவு தட்டப்பட்டது. சின்னவள். அந்த அறைக்கு அவள் கடைசியாக வந்தது கல்யாணத்துக்கு முன்னால் கட்டிலில் விழுந்து அழுத அன்றைக்குத்தான். உட்காரச் சொன்னான். உட்காரவில்லை.

"அம்மாவைப் பக்கத்து வீட்டுக்காரி ஆக்கிட்டியே!"

"உனக்காகத்தாம்மா..."

"நான் கேட்டேனா? சொல்லு, நான் உன்கிட்ட அப்படிச் சொல்லச் சொல்லிக் கேட்டேனா?"

பெரியவனுக்கு முதல்தடவையாகக் கோபம் வந்தது. "அப்ப நீ எந்திரிச்சு நின்னு சொல்லியிருக்க வேண்டியதுதானே? நாலாவது வரிசையிலதானே இருந்த?"

அவள் அறையில் இருந்த ஒரே நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். பிறகு பேசினாள். குரல் வேறுமாதிரி இருந்தது.

"திரும்பி வரும்போது கார்ல அத்தை கேட்டாங்க. 'பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எப்படிடி உன் சிரிப்பு வந்துச்சு?'ன்னு."

பெரியவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அவங்களுக்குத் தெரியுமாம்ண்ணா. பாப்பா பொறந்து தலைமுடி சுருண்டு சுருண்டு வந்தப்பவே தெரிஞ்சுடுச்சாம். மாமனாருக்கு அதுக்கும் முன்னாடியே தெரியும். அந்தத் துறைமுக ஊர்ல இருந்த யாரோ சொல்லியிருக்காங்க. நீ கல்யாணத்துக்கு வந்து நாற்காலி தூக்கினது உள்பட எல்லாம் தெரியும். 'அப்புறம் ஏன் அத்தை கேட்கல?'ன்னேன். 'நீயா சொல்லுவேன்னு பாத்தோம். நீ சொல்லல. சரி, அவளுக்கே வேண்டாம்போல இருக்குன்னு விட்டுட்டோம்'னாங்க."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"ம்."

"உன் வீட்டுக்காரருக்கு?"

"அவருக்கும்."

பெரியவன் சிரிக்க முயன்றான். வரவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் முன்னால் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது. குழந்தையின் பிறந்தநாளுக்கு வாங்கிவிட்டு, கொடுக்க வழியில்லாமல் டிப்போத் துப்புரவுக்காரியின் பேத்திக்குக் கொடுத்துவிட்ட பொம்மைகள் நினைவுக்கு வந்தன. யாருக்கும் தேவைப்படாத ஒரு காவலை இத்தனை வருஷம் காத்து வந்திருக்கிறான். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். அந்த ஒருவர் தானாகவும் இருந்திருக்கலாம் என்பதுதான் அவனை அதிகம் வதைத்தது.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொன்னாங்கண்ணா" என்றாள் சின்னவள்.

போனான். மாமியார் "வாங்க தம்பி" என்று வாசலுக்கே வந்தாள். மாமனார் டீசல் வண்டிக்கும் மின்சார வண்டிக்கும் என்ன வித்தியாசம் என்று விசாரித்தார். மாப்பிள்ளை தட்டில் இன்னும் கொஞ்சம் வை, இன்னும் கொஞ்சம் வை என்று உபசரித்தான். ஒருவரும் ஒரு சொல் குறைவாகப் பேசவில்லை. பழைய பேச்சை எடுக்கவும் இல்லை. விருந்தாளியை எப்படி நடத்துவார்களோ அப்படி நடத்தினார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவனுடைய மருமகள், தங்கையின் மகள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முடியைச் சூடுபடுத்தி நீட்டியிருந்தாள். நுனியில் கருகிய வாசனை.

"மாமா, நீங்க ஏன் உங்க முடியை நேராக்கல?"

"அப்பாவோட முடி. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"தாத்தா எப்படி இருப்பாங்க?"

பெரியவனுக்கு நினைவிருந்தது கொஞ்சம்தான். கப்பல் எண்ணெய் வாசனை. தூக்கிப் போட்டுப் பிடிக்கிற கை. பிறகு அந்த மூன்று சொற்கள். அவற்றைச் சொன்னான். மருமகள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "இன்னும் சொல்லுங்க" என்றாள்.

"அவ்வளவுதான்டா தெரியும்."

அடுத்தடுத்து சில ஞாயிற்றுக்கிழமைகள் போனான். பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். அவர்கள் பழைய சுற்றுலாவைப் பற்றிச் சிரித்துக்கொள்வார்கள், செத்துப்போன நாய்க்குட்டியைப் பற்றி வருத்தப்படுவார்கள். அவன் அங்கெல்லாம் இருந்ததில்லை. சின்னவள் பாதியில் நிறுத்தி, "அது என்னன்னா அண்ணா..." என்று விளக்க ஆரம்பிப்பாள். விளக்கிய பிறகு அது சிரிப்பாக இருக்காது. பணி நேரம் மாறிவிட்டது என்று சொல்லி, மாதத்துக்கு ஒரு தடவையாகக் குறைத்துக்கொண்டான்.

மாமனாருக்கு எழுபது வயது நிறைந்ததைக் கொண்டாட ஒரு மண்டபம் பிடித்திருந்தார்கள். இந்த முறை சின்னவள் தானே வந்து அழைத்தாள். வந்தவர்களிடமெல்லாம் அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அண்ணன். கூடப்பிறந்தவர்" என்று சொன்னாள். சிலர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

கடைசியில் குடும்பப் படம். பெரியவர்கள் நாற்காலியில், மற்றவர்கள் பின்னால். பெரியவன் தங்கைக்குப் பக்கத்தில் போய் நின்றான். படம் எடுப்பவர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, "சார், நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளி வாங்க. இது ஃபேமிலி போட்டோ" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் பெரியவனின் கால்கள் தாமாகவே நகர்ந்து, ஓரத்து மேசையருகே போய் நின்றுவிட்டன.

"அண்ணா!" என்று சின்னவள் கத்தினாள். "எங்க போற? இங்க வா!"

அதற்குள் வெளிச்சம் ஒருமுறை பளிச்சிட்டுவிட்டது. மருமகள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். படம் எடுப்பவர் மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லைங்க" என்றான் பெரியவன். எல்லாரும் மறுபடி சரியாக நின்றார்கள். இன்னொரு படம் எடுத்தார்கள்.

அந்த இரண்டாவது படத்தின் பிரதி ஒன்றைச் சின்னவள் சட்டம் போட்டுக் கொடுத்தாள். அவன் அதைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறான். எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவனும் சிரிக்கத்தான் செய்கிறான், ஆனால் ஒரு தோள் மட்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, யாராவது சொன்னால் உடனே விலகுவதற்குத் தோதாக.